றெவெல் 1:96 ‘கட்டி சார்க்’: உடலை வைத்திருங்கள், கயிற்றை வீசுங்கள்

றெவெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாதிரிக் கப்பல் பெட்டி இது, நாமே ஒட்டிக் கட்டவேண்டியது. பெட்டி மூடியில் பாயெல்லாம் விரித்து அலையைக் கிழித்து ஓடும், வேகத்துக்கென்றே கட்டிய கிளிப்பர் வகைக் கப்பல். திறந்தால் இரண்டு பாதியாக ஒரு கப்பலின் உடல், சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான துண்டுகள், நூல், வலைபோல வார்த்த கயிற்றேணிகள், வெள்ளைப் பிளாஸ்டிக் தாளில் புடைத்து நிற்கும் பாய்கள். இதில் உடலும் தளத்துச் சாமான்களும் இன்றைக்கும் முதல்தரம். நூலும் கயிற்றேணியும் பாயும் குப்பைக்கூடைக்கு உரியவை. இதைத் தெரிந்து வாங்கினால் ஏமாற்றமில்லை. தெரியாமல் வாங்கும் கப்பல்கள்தான் பாய்மரம் நட்டதோடு நின்று, அலுமாரிக்கு மேலே தூசி பிடிக்கின்றன.

1:96 என்றால் எட்டு அடிக்கு ஓர் அங்குலம். உண்மைக் கப்பலின் உடல் நீளம் 212.5 அடி, அகலம் 36 அடி. மாதிரியில் உடல் 67 சென்ரிமீற்றர் சொச்சம், அகலம் 11.4. அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் முழு நீளம் 90 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். 152 அடி நடுப்பாய்மரம் 48 சென்ரிமீற்றர். தளத்தில் நிற்கும் ஒரு மனிதன் 18 மில்லிமீற்றர். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கயிறு தடிப்பு, எந்தப் படி அகலம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த 18 மில்லிமீற்றர் ஆளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

அச்சு 1959இல் வந்தது. அந்தக் காலத்து வேலைக்கு இது ஓர் அதிசயம்தான்: நீர்மட்டத்துக்குக் கீழே உலோகத் தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, பின்னணியத்துப் பூவேலை கூர்மையாக நிற்கிறது, தளத்து அறைகளின் கதவுச் சட்டம் வரை வந்திருக்கிறது. பழைய அச்சு என்பதால் துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு கசிந்திருக்கும். கத்தி முனையால் சுரண்டி, 400ஆம் இலக்க உப்புத்தாளால் ஒரு தடவை இழுத்தால் போய்விடும். சிறிய துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்க வேண்டாம். நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்ப்பதே பாதுகாப்பு.

இதே உடல் அச்சை வைத்து றெவெல் ‘தேர்மோபிலே’ என்ற பெயரிலும் பெட்டி விட்டிருக்கிறது. அந்தப் பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தேர்மோபிலே என்று நம்பிக் கட்டவேண்டாம். கட்டி சார்க் ஹேர்கியூலிஸ் லின்ரன் வரைந்து ஸ்கொட்லாந்தின் டம்பாட்டனில் கட்டிய கப்பல். தேர்மோபிலே பேர்னாட் வேமத் வரைந்து, 1868இல் அபடீனில் இறக்கியது. இரண்டின் உடல்கோடும் வேறு. ஒரு சட்டையை அண்ணனுக்கும் தம்பிக்கும் மாற்றிப் போடுவது போல அவ்வளவு இலேசான காரியமல்ல இது. 1872இல் இரண்டும் ஷங்காயிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு ஓடிய ஓட்டத்தில், கட்டி சார்க் முன்னால் போய்க்கொண்டிருக்கையில் சுக்கான் பிய்ந்து போனது. கடலிலேயே புதுச் சுக்கான் செய்து பூட்டி, தேர்மோபிலேக்கு ஒரு வாரம் பிந்தி லண்டன் சேர்ந்தது. அதனாலேயோ என்னவோ, இந்த மாதிரியில் சுக்கான் பூட்டும்போது பிணைச்சல்களை அவசரப்படாமல் ஒட்டத் தோன்றும்.

கட்டுவதற்கு முன் ஆண்டை முடிவுசெய்ய வேண்டும். கப்பல் 1869 நவம்பர் 22ஆம் திகதி நீரில் இறங்கியது. சூயஸ் கால்வாய் திறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. சீனத் தேயிலை ஏற்றிய அந்த முதற்காலத்தில் நடுமரத்தில் ஆறு பருமல் (பாய் தொங்கும் குறுக்குமரம்), முன்மரத்திலும் பின்மரத்திலும் ஐந்தைந்து. 1880இல் மரங்களைக் குட்டையாக்கினார்கள். 1885 முதல் பத்தாண்டு வூட்ஜெற் கப்பலின் கப்டனாக இருந்து அவுஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய காலம் அதற்குப் பிந்தியது. இன்று லண்டன் கிறீனிச்சில் நிற்பது, 1954இல் உலர்துறைக்கு வந்து, 2007இல் தீப்பிடித்து, 2012இல் மீண்டும் திறந்த கப்பல். மூன்றையும் கலந்து கட்டினால் எதுவும் ஆகாது. பெட்டியைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ‘நம்மட தேயிலை ஏற்றின கப்பலோ’ என்று கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கலாம்: இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை நட்டதே 1867இல்தான். இந்தக் கப்பல் ஓட்டப்பந்தயம் ஓடியது சீனத் தேயிலைக்கு.

இனி வேலை. எல்லாத் துண்டுகளையும் சட்டத்தோடேயே இளஞ்சூட்டு நீரில், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியால் கழுவி நிழலில் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசும் எண்ணெய்ப்பசை கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். அதன்மேல் வண்ணம் நிற்காது, ஆறு மாதத்தில் செதிலாக உரியும்.

உடலின் இரு பாதிகளையும் மேசையில் வைத்து மேலே பாருங்கள். இரண்டு அடிக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் என்பதால் பெட்டிக்குள் கிடந்த கிடையில் சிறிது வளைந்திருக்கும். ஒரே மூச்சில் ஒட்டக்கூடாது. அணியத்தில் தொடங்கி ஐந்து சென்ரிமீற்றர் ஒட்டி, காகித ரேப்பால் இறுக்கி, அரை மணி நேரம் கழித்து அடுத்த ஐந்து. ஏரா (கப்பலின் அடி நடுக்கோடு) முடிந்ததும் பழைய சைக்கிள் ரியூபைக் குறுக்கே வளையமாக வெட்டி ஏழெட்டு இடத்தில் மாட்டி இரண்டு நாள் வைத்துவிடுங்கள். ரப்பர் பட்டியைவிட ரியூப் வளையம் நல்லது. அகலமாக அழுத்தும், தழும்பு விழாது. தளத்தை வைப்பதற்கு முன் உடலுக்குள் மூன்று நான்கு இடத்தில் குறுக்குத் தடுப்பு வைக்கவேண்டும். மூன்று மில்லிமீற்றர் பிளைவூட் போதும். அது இல்லாவிட்டால், பிறகு பக்கக் கயிறுகளை இறுக்கும்போது உடலின் மேல்விளிம்பு உள்ளே ஒடுங்கி, தளத்து ஓரத்தில் வெடிப்புக் காட்டும். கயிறு கட்டிய பிறகு இதற்குப் பரிகாரமே கிடையாது.

பசை விடயத்தில் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பிளாஸ்டிக்தானே என்று தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசையைப் பூசுவது. குழாய் வேறு பிளாஸ்டிக், இது பொலிஸ்ரைரீன். குழாய்ப் பசையின் கரைப்பான் இதன் தகட்டு வேலையெல்லாவற்றையும் பாகு போல உருக்கிவிடும். ஹாட்வெயார் கடைத் தின்னரும் அப்படியே. மாதிரிகளுக்கென்றே விற்கும் திரவப் பசையைத் தூரிகையால் இணைப்பில் தொட்டுவைத்தால் தானாக உள்ளே ஓடும். சுப்பர் குளூ கம்பிக்கும் நூல் நுனிக்கும் மட்டும். அது காற்றின் ஈரத்தால் இறுகும் பசை. வாவிக்கரையில் மாரி மாதத்தில் மூடியைத் திறந்து வைத்தால் குப்பிக்குள்ளேயே கல்லாகிவிடும். பாவித்ததும் மூடி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கறுப்பு உடலுக்கு அருகில் அதிகமாக விட்டால் சுற்றிவர வெள்ளைப் புகைபோலப் படியும். துளி அளவு, ஊசி முனையால்.

அடிப்பக்க நிறத்தில்தான் பெரும்பாலான மாதிரிகள் சறுக்குகின்றன. எல்லாரும் புதுச் செம்புக் குடம்போலச் சிவப்பாக அடிக்கிறார்கள். கட்டி சார்க்கின் அடியில் இருந்தது செம்பல்ல, மன்ற்ஸ் உலோகம்: செம்பு 60, துத்தநாகம் 40 என்ற கணக்கில் ஒரு வகைப் பித்தளை. நிறம் மஞ்சளை நோக்கியது. கடலில் கிடந்தால் மங்கிய தவிட்டு நிறமாகி, நீர்மட்டத்தருகே பச்சை படரும். ஏன் இரும்புக் கப்பலாகக் கட்டாமல் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் சேர்த்துக் கட்டினார்கள் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இரும்பு உடலில் பாசியும் சிப்பியும் அப்பிவிடும், வேகம் போகும். அதன்மேல் செம்புத் தகடு அடித்தால் உப்புநீரில் இரும்பு அரித்துப்போகும். நடுவே மரம் இருந்தால் தகடு அடிக்கலாம். கல்லடிக் கரையில் தோணியை ஏற்றி அடி சுரண்டுபவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவேண்டியதில்லை.

பூசும் முறை: முதலில் கபில நிறம் கலந்த கறுப்பு. அதன்மேல் பித்தளை நிறத்தில் கொஞ்சம் செம்பு கலந்து, தூரிகையை உலர்த்தித் தகடுகளின் மேல்முகத்தில் மட்டும் தடவுங்கள். ஐந்தாறு தகடுக்கு ஒருமுறை கலவையைச் சற்று மாற்றினால் ஒரே வார்ப்பாகத் தெரியாது. ஏராவின் இணைப்புக் கோட்டில் இடைவெளி நிரப்பும் புட்டி வைத்துத் தேய்க்கும்போது தகட்டு விளிம்புகள் அழியும். கத்தியின் முதுகால் இரும்பு அடிமட்டம் வைத்து மறுபடி கீறவேண்டும். முப்பது நிமிட வேலை, விட்டால் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும்.

தளம் ஒரே துண்டாக வரவில்லை. இணைப்புக் கோடு குறுக்கே ஓடுகிறது, அங்கே பலகைக் கோடுகள் வெட்டுப்படுகின்றன. வார்ப்பில் கொடுத்திருக்கும் மர வரிகளும் இந்த அளவுக்கு மிகை. 96 மடங்கு பெருக்கினால் அது மரவரியல்ல, வாய்க்கால். வரிகளை உப்புத்தாளால் தணித்து, சாம்பல் கலந்த வெளிர்மணல் நிறம் பூசி, அங்கொன்று இங்கொன்றாகப் பலகைகளுக்கு வேறு சாயல் கொடுப்பது ஒரு வழி. உப்பும் வெயிலும் பட்ட தேக்கு கதிரைக் கடையில் வார்னிஷ் அடித்த தேக்கல்ல, வெளுத்த தேக்கு, கபிலம் பூசாதீர்கள். மற்ற வழி, மெல்லிய மரத்தோலை (வெனீர் எனும் சீவிய மரத்தகடு) 1.5 மில்லிமீற்றர் கீற்றாக வெட்டி முழுத் தளத்திலும் ஒட்டுவது. அழகு, ஆனால் தளத்தின் உயரம் கூடும். அறைகளும் ஏணிகளும் அந்த அளவு உள்ளே அமிழ்ந்து நிற்கும். 0.3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த தோலை எடுக்கவேண்டாம்.

பாய்மரங்கள் பிளாஸ்டிக். கீழ்மரங்கள் தாங்கும், மேலே போகப்போக வளையும். ஒரு பக்கம் நூலை இறுக்கினால் மரம் தூண்டில் கம்புபோல அந்தப் பக்கம் குனியும், மறுபக்கத்தை இறுக்கினால் முதற்பக்கம் தொய்யும். கீழ்மரத்தின் உள்ளே மூன்று மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி செலுத்தி எப்பொக்சி விடுங்கள். மேல்மரங்களை அப்படியே விட்டுவிட்டு, நல்ல நேரான மரக்குச்சியைச் சீவி மாற்றுவது சிறந்தது. மூங்கிலைப் பிளந்து, துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியே பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு இழுத்தால் வேண்டிய தடிப்பு வரும். நடும்போது மூன்று மரமும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது, பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம்; ஆனால் முன்னிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கோட்டில் மறையவேண்டும்.

கயிற்றுக்கு வருவோம். இந்தக் கப்பலின் உயிரே அங்கேதான், பெட்டி கைவிடுவதும் அங்கேதான்.

வார்த்துக் கொடுத்திருக்கும் கயிற்றேணி தடிப்பானது, பளபளப்பானது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரௌட் கயிறும், ஏறுவதற்குக் குறுக்கே கட்டும் ரட்லைன் படியும் அதில் ஒரே தடிப்பு. உண்மையில் முதலாவது பெருவிரல் தடிப்பு என்றால், இரண்டாவது சிறுவிரலுக்கும் குறைவு. கயிறுகளின் கீழ்முனையில் வரும் மூன்று துளை வட்டுகளும் அவற்றை இழுத்துக்கட்டும் சிறு கயிறும் ஒரே வார்ப்பாக வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஏன் 90 சென்ரிமீற்றர் கப்பல்?

நூல் தடிப்பைக் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. பழைய கப்பல் பட்டியல்களில் கயிற்றின் அளவு என்று கொடுப்பது விட்டமல்ல, சுற்றளவு. ‘மூன்று அங்குலக் கயிறு’ என்றால் விட்டம் ஓர் அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவு, சுமார் 24 மில்லிமீற்றர், மாதிரியில் 0.25. இதைத் தவறவிட்டு மூன்று அங்குலத்தை விட்டமாக எடுத்தால் 0.8 மில்லிமீற்றர் வரும், கப்பல் முழுக்கக் கொடிக்கயிறு கட்டியதுபோல இருக்கும். கைக்கணக்காக: மரத்தை முன்பக்கம் பிடித்து நிறுத்தும் தடித்த முன்னிழுவைக் கயிறுகள் 0.4, கீழ் ஷ்ரௌட் 0.35, மேல் ஷ்ரௌட் 0.25, பருமலை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் போன்ற ஓடும் கயிறுகள் 0.2 முதல் 0.25, ஏணிப்படி 0.15. நூலை அளக்கக் கருவி தேவையில்லை. பென்சிலில் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி, அந்த அகலத்தை இருபதால் பிரியுங்கள். ஐந்து மில்லிமீற்றர் வந்தால் நூல் 0.25.

எந்த நூல்? கல்முனை, வாழைச்சேனை வலைக்கடைகளில் நைலோன் நூல் எல்லாத் தடிப்பிலும் கிடைக்கும், மலிவு, அறாது. ஆனாலும் எடுக்காதீர்கள். நைலோன் ஈரத்தை உறிஞ்சி நீளும். கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றில் தொய்ந்து, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இறுகும். முறுக்கேறிய பருத்தி நூல் இதற்கு நேர்மாறு: நனைந்தால் இழை பருத்து நூல் குறுகும். ஒரே மரத்தில் முன்னால் நைலோனும் பின்னால் பருத்தியும் கட்டினால் அந்த மரம் பருவத்துக்குப் பருவம் தலையாட்டும். தையற்கடை பொலியெஸ்ரர் நூல் இரண்டுக்கும் அசையாது. நமது காலநிலைக்கு அதுதான். சாதாரண நூற்கட்டை 0.2 மில்லிமீற்றரை ஒட்டி வரும், ஓடும் கயிறுக்கு அப்படியே சரி.

தடித்த கயிறுகளை அதிலிருந்தே திரிக்கலாம். 0.2 நூல் மூன்று புரி சேர்ந்தால் 0.43. தும்புக் கயிறு திரிக்கும் அதே விதிதான்: புரிகளை ஒரு பக்கம் முறுக்கு, சேர்த்து மறுபக்கம் முறுக்கு. நான்கு மீற்றர் நூல் மூன்றை ஒரு முனையில் தனித்தனிக் கொளுக்கியில் மாட்டி, மறுமுனையைச் சேர்த்து ட்ரில்லில் பூட்டிய கொளுக்கியில் மாட்டுங்கள். நூலின் சொந்த முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக, மெதுவான வேகத்தில். நீளத்தில் கால்வாசி குறையும், அதற்கேற்ப நூலை விட்டுவையுங்கள். முடிந்ததும் கழற்றாமல் ஒரு இரவு இழுவையிலேயே விட்டால் சுருளாது. பிசிறுக்குத் தேன்மெழுகு. காட்டுத்தேன் விற்பவர்களிடம் கேட்டால் அடையின் மெழுகு கிடைக்கும். வெந்நீரில் உருக்கி, ஆறவிட்டு, மேலே உறையும் தட்டை எடுத்து, இன்னொருமுறை அப்படியே செய்யுங்கள். தேன் மிச்சமிருந்தால் எறும்பு பாய்மரம் ஏறும், இது பகிடியல்ல.

நிறம் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். நிலையான கயிறுகள் தார் பூசியவை, கறுப்போடு கொஞ்சம் கபிலம். ஓடும் கயிறுகள் காய்ந்த தேங்காய்த் தும்பின் வெளிர் நிறம்.

கட்டும் ஒழுங்கு கீழிருந்து மேல், உள்ளிருந்து வெளி. முன்மரத்தின் வலப்பக்கம் முதற்சோடி ஷ்ரௌட், உடனே இடப்பக்கம் ஒரு சோடி, மறுபடி வலம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும். கப்பிகளைப் பருமலில் கட்டுவதெல்லாம் பருமல் மேசையில் இருக்கும்போதே முடியவேண்டும். மரத்தில் ஏற்றிய பிறகு சாமணம் உள்ளே நுழையாது. பருமலை வெறும் பசையில் தொங்கவிடாமல், நடுவில் 0.5 துளையிட்டுக் கம்பி ஊசி வைத்து மரத்தோடு பொருத்துங்கள்.

ஏணிப்படி ஒவ்வொன்றுக்கும் இடைவெளி நான்கு மில்லிமீற்றர். உண்மையில் பதினைந்து அங்குலம், ஓர் ஆள் கால் தூக்கி வைக்கும் உயரம். வெள்ளை மட்டையில் நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு கோடு கீறி ஷ்ரௌட்டுக்குப் பின்னால் செருகுங்கள். தோணிக் கயிற்றை முளையில் மாட்டும் அதே இரட்டைச் சுற்று முடிச்சு ஒவ்வொரு கயிற்றிலும். கீழிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டே போனால் உங்களை அறியாமல் இழுவை ஏறி, வெளிக்கயிறுகள் உள்ளே ஒடுங்கி, ஏணி உடுக்கைபோல ஆகிவிடும். முதலில் ஐந்து படிக்கு ஒன்று கட்டி அகலத்தைப் பூட்டிவிட்டு, பிறகு இடையை நிரப்புங்கள். முடிச்சுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசை. சுப்பர் குளூ நூலைக் கண்ணாடிக் குச்சியாக்கும். பிறகு திருத்தமும் முடியாது, தொட்டால் முறியும். ஒரு பக்கம் ஐந்து கயிறு, முப்பது படி என்று வைத்தாலே 150 முடிச்சு. கீழ் ஏணிகள் ஆறுக்கும் 900. நிமிடத்துக்கு ஒன்று போட்டால் பதினைந்து மணித்தியாலம். பயப்படும் கணக்கல்ல, ஆனால் ஒரே இரவில் முடிக்க நினைப்பவர் இந்தப் பெட்டியை வாங்கக்கூடாது.

கயிறு சுற்றிக் கட்டும் சிறு ஊசிகளும் வளையங்களும் பிளாஸ்டிக்கில் வருகின்றன, இழுத்தவுடன் முறியும். குண்டூசியை வெட்டி வைப்பது பலரும் செய்வது, ஆனால் கடற்காற்றில் இரும்பு ஊசி துருவேறித் தளத்தில் கறை வடியும். நல்ல மாற்று வீட்டு மின்கம்பி. 7/0.53 என்று விற்கும் வயரின் தோலை உரித்தால் ஏழு செம்பு இழை, ஒவ்வொன்றும் 0.53 மில்லிமீற்றர். ஊசிக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். மெல்லிய வளையங்களுக்கு, வளையக்கூடிய வயரின் 0.2 இழை. மின்வேலை செய்பவர் கழித்துப்போடும் ஒரு முழத் துண்டு முழுக் கப்பலுக்கும் காணும்.

பாய்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வார்த்த பிளாஸ்டிக் பாய் எல்லாமே ஒரே அளவில் புடைத்து, யோகட் கோப்பையை வெட்டி மாட்டியதுபோல நிற்கும். கிறீனிச்சில் நிற்பதுபோல வெறும் மரமாக விடுவது மிக நேர்மையான தீர்வு. சுருட்டிய பாய் வேண்டுமென்றால் துணி எடுக்காதீர்கள். எவ்வளவு மெல்லிய மல்மல் என்றாலும் இழை தெரியும். பட்டம் கட்டும் மெல்லிய தாள் நன்றாக வரும். பாயின் முழு உயரத்துக்கு வெட்டாமல் மூன்றில் ஒன்று வெட்டினாலே சுருள் சரியான பருமனில் இருக்கும். தேத்தண்ணீரில் சாயமேற்றச் சொல்வார்கள். தேயிலைக் கப்பலுக்குத் தேயிலைச் சாயம் பொருத்தமாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சாயம் தாளைக் காலப்போக்கில் முறியவைக்கும். நீர்த்த அக்ரிலிக் வண்ணமே மேல். இன்னொன்று: பாயைச் சுருட்டினால் மேற்பருமல்கள் கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழிருந்து மூன்றாவதான மேல் ரொப்செயில் பருமலும் அதற்கு மேலுள்ளவையும் பாய் விரிக்கும்போதுதான் ஏற்றப்படுபவை. பெட்டிப் படத்தில் உள்ள உயரத்திலேயே விட்டுவிட்டுச் சுருட்டிய பாயைக் கட்டுவது, தெரிந்தவர் முதலில் கண்டுபிடிக்கும் பிழை. செக் நாட்டு ஹிஸ்மொடல் போன்ற நிறுவனங்கள் இந்தப் பெட்டிக்கென்றே தைத்த பாயும் நூலும் மரக்கப்பியும் விற்கின்றன. பெட்டி விலையோடு அதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். கயிற்றின் முழு ஒழுங்குக்கு ஜோர்ஜ் கம்பெல் வரைந்த கட்டி சார்க் வரைபடங்களைப் பாருங்கள்; பெட்டிக் கையேடு எளிமையாக்கிச் சொல்கிறது.

வண்ணம் விசிறும் நாளையும் பார்க்கவேண்டும். மழை இருட்டிய நாளில் லேக்கர் வகை ஸ்பிரே அடித்தால் ஈரம் படிந்து பால்போல வெளுக்கும். கச்சான் கடுமையாக அடிக்கும் மதியத்தில் வண்ணம் காற்றிலேயே உலர்ந்து மணல்போல விழும். தை கடைசி முதல் சித்திரை வரை காலை எட்டு மணிக்குப் பிறகு, காற்று எழும்புமுன் அடிப்பது உத்தமம்.

1:220 பெட்டியும் றெவெல் விற்கிறது. முழு நீளம் 39 சென்ரிமீற்றர் அளவில் வரும். அதில் ஏணிப்படி கட்டுவது மனித விரலுக்கு ஆகாத வேலை. வார்த்த ஏணியையே வைத்து, நல்ல வண்ணம் கொடுத்து, ஒரு மாதத்தில் முடிக்கலாம். பள்ளிப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் அதுதான். ஆட்டெசானியா லத்தீனாவின் 1:84, பில்லிங் போட்ஸின் 1:75 இரண்டும் மரத்தில் சட்டம் நிறுத்திப் பலகை பொதிபவை. அவை வேறு தொழில், வேறு பொறுமை. கறையானுக்கும் உளுவுக்கும் காவல் வேறு இருக்கவேண்டும். மரத்தில்தான் கட்டுவேன் என்பவருக்கு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போன வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணியைக் கட்டத் தோன்றவேண்டும். அதற்குத்தான் இன்னும் யாரும் பெட்டி போடவில்லை.

பரிசுப்பொருட் கடைகளில் கட்டியே விற்கும் அலங்காரக் கப்பல்களை இதோடு ஒப்பிடவேண்டாம். 18 மில்லிமீற்றர் ஆளின் சோதனையைச் செய்து பாருங்கள்: படிக்கும் படிக்கும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும், ஏணியில் ஏற அந்த ஆள் குரங்காகப் பிறந்திருக்க வேண்டும்.

வாங்கும் வழி: பெட்டி நீளமானது, அதனால் எடையைவிடக் கனவளவுக்கே அனுப்புக் கட்டணம் ஏறும், சுங்கவரி மேலும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர் இருந்தால் பயணப்பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்தவுடன் முதல் வேலை, உடற்பாதிகளை ஒன்றோடொன்று வைத்து வளைவு பார்ப்பதும் சட்ட இலக்கங்களைக் கையேட்டோடு ஒப்பிடுவதும். ஒட்டத் தொடங்கிய பிறகு குறைந்த துண்டைக் கேட்டால் எந்தக் கடையும் காது கொடுக்காது. வளைவு அதிகமென்றால் 60 பாகை சூட்டு நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, நேரான பலகையில் பாரம் வைத்து ஆறவிடலாம். கொதிநீர் கூடவே கூடாது.

கண்ணாடிக் கூடு கட்டாயம். திறந்து வைத்தால் ஒரு வருடத்தில் கயிற்றில் படியும் உப்பும் தூசியும் எந்தத் தூரிகைக்கும் போகாது. உள்ளளவு நீளம் 98, அகலம் 32, உயரம் 66 சென்ரிமீற்றர் எடுங்கள். நடுமரத்துப் பெரும்பருமல் மட்டும் 25 சென்ரிமீற்றர் அகலம் வரும். நான்கு மில்லிமீற்றர் கண்ணாடியில் செய்தால் ஐந்து பக்கமும் சேர்த்து இருபது கிலோ வரும், மூன்று மில்லிமீற்றரில் பதினைந்து. ஆகவே சுவர்த் தட்டில் வைக்காமல் மேசையில் வையுங்கள். அடிப்பலகையில் இரு முனையிலும் விரல் அளவு துளையிட்டு மெல்லிய வலை ஒட்டினால் உள்ளே வேர்க்காது, எறும்பும் சிலந்தியும் வராது. தகரக் கூரைக்கு நேர்கீழே வைக்கவேண்டாம். இழுவையில் நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் நாளடைவில் வளையும். மேற்கு யன்னலும் ஆகாது. பிற்பகல் வெயில் முதலில் வெளுப்பது கயிற்றின் தார் நிறத்தை.